குட்டி விமானத்தின் பிரேக் லைன்: கடைசி ஒரு சாண்

தை மாத அறுவடையில் மன்னார்குடிப் பக்கம் பெல்ட் வண்டியின் (நெல் அறுக்கும் இயந்திரம்) ஹைட்ராலிக் ஓஸ், அதாவது அழுத்த எண்ணெய் ஓடும் குழாய், வெடித்தால் யாரும் பதறுவதில்லை. அறுந்ததைக் கழற்றி ஓஸ் கடைக்கு எடுத்துப் போனால், அதே நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் நட் வைத்து அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். 2,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) அளவுக்கு மேலேயே தாங்கும் சரக்கு அது. கொட்டகையில் இரண்டு இருக்கை விமானம் கட்டுகிறவருக்கு பிரேக்கில் வேண்டியதோ சில நூறு பி.எஸ்.ஐ.தான். அந்த ஓஸையே போட்டால் என்ன?

அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போடலாம், எடைதான் கூடும். பெடலிலிருந்து சக்கரத்துக்கு பிரேக் எண்ணெயைக் கொண்டுபோகும் இந்த லைனுக்கு உண்மையான சோதனை சூடு.

இவ்வகை விமானங்கள் பலவற்றில் ரட்டர் பெடலின் (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மேல்விளிம்பை நுனிக்காலால் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இடது பெடல் இடது சக்கரத்துக்கு, வலது பெடல் வலதுக்கு. பெடலோடு சேர்ந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் 2 சதுர செ.மீ. பிஸ்டன்மேல் 500 நியூட்டன் விழுந்தால் லைனில் 25 பார், அதாவது சுமார் 360 பி.எஸ்.ஐ.

இனி சூட்டுக்கு வருவோம். 600 கிலோ விமானம் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. நொடிக்கு 25 மீட்டர். இயக்க ஆற்றல் 1,87,500 ஜூல். முழுவதையும் பிரேக்கே வாங்கினால் ஒரு சக்கரத்துக்குப் பாதி. 1.5 கிலோ இரும்பு டிஸ்க் ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 125 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். நம்மூர் வெயிலையும் கூட்டினால் 160. இது ஒரு தடவைக்கான கணக்கு. முன்சக்கரம் பெடலோடு இணையாமல் எந்தப் பக்கமும் தானாகத் திரும்பும் வகையாக இருந்தால் தரையில் திருப்புவதே பிரேக்கால்தான். ஆடிக் காற்று பக்கவாட்டில் வீசும்போது விமானம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். நேராக ஓட்ட எதிர்ப்பக்கச் சக்கரத்தை விடாமல் பிடிக்க வேண்டியிருக்கும். சக்கரத்துக்கு உறையும் மாட்டியிருந்தால் அந்தச் சூடு வெளியேறவும் வழி குறைவு.

அந்த டிஸ்க்கின் ஓரமாகத்தான் லைனின் கடைசி ஒரு சாண் போகிறது.

நைலான் குழாய் மலிவு, லேசு, வளைப்பது சுலபம். நைலானில் சில வகைகள் 180, 190 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே வலு போய்விடும். சூடேறினால் உப்பவும் செய்யும். மோட்டார் போட்டதும் வயலுக்குத் தண்ணீர் விடும் தட்டை ஓஸ் முதலில் தான் உப்பிக்கொண்டு பிறகுதானே தண்ணீரைக் கக்குகிறது? அதேபோல் பெடல் உள்ளே போகும், டிஸ்க்கைக் கவ்வும் பேட் அசையாது. விமானத்தின் உடம்புக்குள் நைலான் ஓடட்டும். பேட்டை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பரிடம் வேண்டாம் என்பது என் கட்சி.

அலுமினியக் குழாய் உப்பாது, எளிதில் உருகாது. அதிர்வுதான் அதற்கு எமன். பேட் தேயத் தேய காலிப்பரும் நகரும். விறைப்பாகக் கட்டிய குழாய் நாளடைவில் விரிசல் விடும். ஒரு சுற்று வளையமாக விட்டால் தாக்குப்பிடிக்கும். அந்த இடத்துக்கு என் தேர்வு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட டெஃப்லான் ஓஸ். டெஃப்லான் 260 டிகிரி வரை வேலை செய்யும். ஒரு சங்கடம்: பின்னல் அரம் மாதிரி, உரசுவதையெல்லாம் அறுத்துவிடும். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் எஃகுப் பின்னல் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் பொடியும். நடுவே ரப்பர் கிளாம்ப் கட்டாயம்.

குழாய் முனையை விரிக்கும் ஃபிளேரில் கோணம் பார்க்க வேண்டும். விமானத்துக்கு 37 டிகிரி, காருக்கு 45. நட் ஏறிவிட்டால் மட்டும் பொருந்திவிட்டதாக அர்த்தமில்லை. கோணம் மாறினால் கசியும். ஓஸ் கடையில் ஜே.ஐ.சி. என்ற பெயரில் தரும் தொழிற்சாலை வகை இணைப்பும் 37தான் என்றாலும் மரையின் துல்லியம் விமானத் தரத்தில் இராது.

கசிவது எது என்பதும் முக்கியம். பைக் கடை டாட் 3, டாட் 4 திரவம் கிளைக்கால் வகை. நைட்ரைல் ரப்பர் சீல் உள்ள விமான பிரேக்கைக் கெடுத்துவிடும். விமான பிரேக்கில் ஊற்றும் பழைய சிவப்பு எண்ணெயான 5606-க்குத் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, குறைந்தபட்சம் 82 டிகிரிதான். நம் 160 டிகிரி டிஸ்க்மேல் சொட்டினால் ஆவி கிளம்பும். ஒரு பொறி போதும். 83282 என்ற செயற்கை எண்ணெய்க்கு அது 205. அதே சீலோடு ஒத்துப்போகும் என்பதால் மாற்றவும் தடையில்லை.

எண்ணெயைக் காலிப்பர் பக்கமிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். காற்றுக்குமிழி மேலேதான் போகும்; மேலிருந்து ஊற்றினால் லைனின் மேட்டு வளைவுகளில் அது தங்கிவிடும்.