காரைப் படம் எடுத்தால் வானம் விழுகிறது

கண்காட்சியில் பளபளவென்று தேய்த்து நிறுத்திய ஒரு பழைய காரைப் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நேரில் ரத்தச் சிவப்பாக இருந்த பானட் படத்தில் வெளிறிக் கிடக்கிறது, கதவில் பக்கத்துக் கூடாரத்தின் நீலம், பம்பரில் போனைப் பிடித்துக் குனிந்து நிற்கும் நீங்கள். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. காரிலிருந்து இரண்டு வகையான ஒளி ஒன்றோடொன்று கலந்து வருகிறது, நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் ஒன்றுதான். வேண்டாததை எங்கே விரட்டலாம், எங்கே என்ன செய்தாலும் விரட்ட முடியாது என்பது நீங்கள் வாங்கும் கேமராவைவிட நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

முதலில் பெயின்ட். இப்போது புதுப்பிக்கும் கார்களில் நிறப்பூச்சுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் பூசுவது வழக்கம். 1920களில் வந்த டூகோ மாதிரியான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் அது கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலிருந்துதான். எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி வெளிப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அது நிறத்துகள்களைத் தொடவே இல்லை, அதனால் அதில் காரின் நிறம் இல்லை, வானத்தின் படம்தான் இருக்கிறது. மீதி உள்ளே போய் நிறத்துகள்களுக்கிடையே மோதி அலைந்து, சிவப்பாகவோ பச்சையாகவோ எல்லாத் திசையிலும் வெளியே வருகிறது. காரின் நிறம் என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது ஒளியை.

பரப்புக்கு நேராகப் பார்த்தால் முதல் வகை சுமார் 4 சதவீதம்தான். ஆனால் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே போகும். நேர்க்குத்துக் கோட்டிலிருந்து 80 டிகிரி சாய்ந்தால் கிட்டத்தட்ட 39 சதவீதம். தள்ளி நின்று எடுத்தால் பானட் முழுக்க வெள்ளை ஏறுவதற்குக் காரணம் இதுதான். கறுப்புக் கார் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது: உள்ளிருந்து வரும் ஒளி மிகக் குறைவு, அதனால் அந்த 4 சதவீத வானம்கூட படத்தில் ராஜாவாகிவிடும். கறுப்புக் காரைப் படம் எடுப்பவர் உண்மையில் சுற்றுப்புறத்தைத்தான் எடுக்கிறார்.

இங்கேதான் போலரைசர் ஃபில்டர் வருகிறது: லென்ஸ் முன் மாட்டித் திருப்பும் தகடு, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு அதற்குக் குறுக்காக அதிர்வதைத் தடுக்கும். ஒளி ஒரு குறுக்கலை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அலை ஓடுவது போல, ஒளி அலைக்கும் அதிரும் திசை உண்டு. சூரிய ஒளியில் எல்லாத் திசை அதிர்வும் கலந்திருக்கும். 1808இல் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலைச் சூரியனை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி கூடிக் குறைந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போதே ஒளி தளவிளைவு அடைகிறது, அதாவது ஒரு திசை அதிர்வு மட்டும் மிஞ்சுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எந்தக் கோணத்தில் அது முழுமையாக நடக்கும் என்ற விதியை 1815இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ப்ரூஸ்டர் கொடுத்தார். கண்ணாடிக்கும் கார் பெயின்ட்டுக்கும் அந்தக் கோணம் நேர்க்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி, அதாவது பரப்பிலிருந்து 34 டிகிரி.

ஏன் அந்தக் கோணம்? ஒளி பூச்சுக்குள் நுழைந்ததும் அங்குள்ள எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது, ஆடும் எலெக்ட்ரான்கள் திரும்ப ஒளியை உமிழ்கின்றன, நாம் பிரதிபலிப்பு என்று பார்ப்பது அதைத்தான். ஆனால் ஓர் எலெக்ட்ரான் தான் ஆடும் கோட்டின் திசையில் ஒளியை உமிழாது. உள்ளே போகும் கதிருக்கும் வெளியே திரும்பும் கதிருக்கும் இடையே சரியாக 90 டிகிரி வரும்போது, ஒரு வகை அதிர்வில் ஆடும் எலெக்ட்ரான்களின் கோடு திரும்பும் திசையிலேயே அமைந்துவிடுகிறது. அந்த அதிர்வு திரும்ப வழியே இல்லை. மிஞ்சுவது பரப்புக்கு இணையாக அதிரும் ஒளி மட்டும். ஃபில்டரை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் அதுவும் போச்சு. வானம் மறைந்து பானட்டின் நிறம் அப்படியே எழும்பி வரும்.

கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பானட் தரையிலிருந்து 95 செ.மீ. உயரம், உங்கள் கண் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34 டிகிரி கிடைக்க அந்த இடத்திலிருந்து சுமார் 1 மீட்டரில் நிற்க வேண்டும். முழுக் காரும் படத்தில் விழ நாலு மீட்டர் தள்ளிப் போனால் பார்வை பரப்பிலிருந்து 9 டிகிரிதான், அங்கே பரப்புக்கு இணையான அதிர்வை ஃபில்டர் தடுத்தாலும் மற்ற அதிர்வில் கால் பங்கு போல திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும். நூறு பேர் கண் மட்டத்திலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வெளிறி இருப்பது இதனால்தான். கேமராவைத் தலைக்கு மேலே 2.2 மீட்டருக்குத் தூக்கினால் அதே கோணம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் தூரத்திலிருந்தே கிடைக்கும். இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்று சொல்லும் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்றால் இன்னும் தள்ளிப் போகலாம். சொந்தக்கார அங்கிளிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல். பானட் கிடைமட்டம், அதனால் அதில் திரும்பும் ஒளி கிடைமட்டமாக அதிரும். கதவு செங்குத்து, அதில் பக்கவாட்டிலிருந்து திரும்பும் ஒளி மேல்கீழாக அதிரும். முன்பக்கமும் விலாவும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில்தான் எல்லோரும் எடுக்கிறோம், அங்கே பானட்டுக்குச் சரியாக ஃபில்டரைத் திருப்பினால் கதவில் தெரு இன்னும் பளிச்சென்று தெரியும், கதவுக்குத் திருப்பினால் பானட் வெளுத்துவிடும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. முக்காலியில் கேமராவை வைத்து, ஃபில்டரை 90 டிகிரி மாற்றி இரண்டு படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பதுதான் வழி. கதவை நேர் எதிரில் நின்று எடுப்பவருக்கு ஃபில்டரே வேண்டாம், அந்தக் கோணத்தில் அது ஒளியைக் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

குரோம் வேறு கதை. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டுப்படாமல் திரிவதால் எல்லா அதிர்வையும் நன்றாகவே திருப்பி அனுப்பும், ப்ரூஸ்டர் சொன்ன சுழியம் அங்கே வருவதே இல்லை. பம்பர், கிரில், ஹப்கேப் மூன்றிலும் போலரைசரை எவ்வளவு திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. (நாம் குரோம் என்று பார்ப்பது நிக்கல் பூச்சின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்பில் இருக்கும் படலம்தான். விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு போலத்தான் திருப்பும், வெள்ளியைவிட எவ்வளவோ குறைவு, லேசாக நீலம் வேறு அடிக்கும்.) அங்கே செய்யக்கூடியது ஒன்றே: குரோமுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை மாற்றுவது. அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஹப்கேப் ஒரு குவியாடி, வளைவின் ஆரம் 30 செ.மீ. என்றால் 1 மீட்டரில் நிற்பவரின் உருவம் அதில் 22 செ.மீ. உயரம் இருக்கும், 5 மீட்டர் தள்ளிப் போனால் 5 செ.மீ.தான். ஆகவே பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். கிட்டே போய் அகலமாக எடுத்தால் நீங்கள்தான் படத்தின் நாயகன்.

பிரதிபலிப்பை மொத்தமாகத் துடைத்தெடுப்பதும் நல்லதல்ல, என் ரசனைக்கு அப்படிப்பட்ட படங்கள் செத்துப்போனவை. இங்கே யூட்டன்ஹேக் ஆலையில் 1951 முதல் 1979 வரை கட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மட்கார்டு வளைவை நம் கண் அறிவது அதன் மேல் ஓடும் வெளிச்சக் கோட்டை வைத்துத்தான். அந்தக் கோடு போனால் உருளை தட்டையாகிவிடும். காரின் நசுங்கலைத் தட்டிச் சரிசெய்யும் பேனல் பீட்டர்கள் ட்யூப் லைட்டின் பிம்பத்தைத் தகட்டின் மேல் நகர்த்திப் பார்ப்பார்கள், கோடு எங்கே நெளிகிறதோ அங்கே பள்ளமோ புட்டியோ இருக்கிறது. உங்கள் கேமராவும் அதையேதான் செய்கிறது, அடிவானத்தின் பிம்பம் கதவில் அலை அலையாக வந்தால் அது லென்ஸின் குறை அல்ல. சொந்தக்காரரிடம் காட்ட வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

வெயிலைப் பற்றி. டர்பன் தெற்கு அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் டிசம்பர் உச்சியில் சூரியன் 83 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும், கூரையும் பானட்டும் எரியும், கதவும் சக்கரமும் இருட்டில் கிடக்கும். ஜூனில் அதே உச்சி வெறும் 37 டிகிரி, அதுவும் வடக்கில். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மே மாதம் நடக்கும் கார்ஸ் இன் தி பார்க் கண்காட்சிக்கு வெளிச்சம் நன்றாக அமைவதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விட நல்ல நேரம் விடியல். கடல் கிழக்கில் இருப்பதால் டர்பனின் ப்ளூ லகூன் பக்கம் வண்டியை நிறுத்தினால் தடையில்லாத அடிவானம் கிடைக்கும். மேகமில்லாத வானமும் தளவிளைவு அடைந்த ஒளியைத்தான் அனுப்புகிறது, சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய பட்டையில் அது அதிகம். சூரியன் கிழக்கில் எட்டிப் பார்க்கும்போது வடக்கையோ தெற்கையோ பார்த்து பானட்டை எடுத்தால், அந்த வானத்தின் ஒளி பெரும்பாலும் பானட் திருப்பி அனுப்ப முடியாத அதிர்வாகவே வந்து விழுகிறது. ஃபில்டர் போடாமலே நிறம் ஆழமாக வரும்.

போலரைசர் என்ற இந்தத் தகடு பிறந்ததே காரை நினைத்துத்தான். எட்வின் லேண்ட் 1929இல் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவர் மனதில் இருந்த பெரிய பயன் எதிரே வரும் ஹெட்லைட்டின் கூச்சத்தை அடக்குவது: எல்லா விளக்குக்கும் எல்லா முன்கண்ணாடிக்கும் ஒரே சாய்வில் தகடு ஒட்டினால் எதிர்வண்டியின் ஒளி மட்டும் தடுக்கப்படும். எல்லாக் காரிலும் ஒட்டினால்தான் பலன், விளக்கின் ஒளியில் பாதிக்கு மேல் வீணாகும். கார் கம்பெனிகள் அதை ஏற்கவே இல்லை. லேண்டின் போலராய்டு கம்பெனி கறுப்புக் கண்ணாடிகளுக்கும் கேமராவுக்கும் போய்விட்டது.

கடையில் சர்குலர் போலரைசர் என்று கேட்டு வாங்குங்கள். பழைய மாதிரி லீனியர் ஃபில்டர் எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸையும் ஒளியளவியையும் குழப்பும், மிரர்லெஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி போகும் (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகிறது). போனில் எடுப்பவர்கள் போலரைஸ்டு கூலிங்கிளாஸைக் கழற்றி லென்ஸ் முன் பிடித்தால் போதும். அது கிடைமட்ட ஒளியைத் தடுக்கவே செய்யப்பட்டது, ஆகவே அணியும் நிலையிலேயே பானட்டுக்குச் சரி, கதவுக்கு மட்டும் செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள்.

ஃபில்டரோடு எடுத்த படத்தில் பக்கக் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ வரிசையாக இருண்ட புள்ளிகள் தெரிந்தால் அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள். கடினப்படுத்திய கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, துளைகள் வழியே குளிர்ந்த காற்றை அடித்துச் சட்டென்று ஆறவைப்பார்கள், காற்று பட்ட இடங்களில் உறைந்த இறுக்கம் ஒளியின் அதிரும் திசையை மாற்றுகிறது, போலரைசர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியில் பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் இருக்காது. அதனால் பழைய காரின் எந்தக் கண்ணாடி எந்த வகை என்று, மூலையில் பொறித்த முத்திரையைத் தேடாமலே, படத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.