பழைய பாகத்தை அப்படியே வார்த்தால் ஏன் பொருந்தாது?

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. பழைய வண்டியை ஓட வைக்க நினைப்பவருக்கு ஓடித் தேயும் சாமான்கள் எப்படியோ கிடைத்துவிடும். கிடைக்காமல் படுத்துவது, ஒருகாலத்தில் யாருமே கழற்றாத சின்னச் சின்ன வார்ப்புகள். அவற்றை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் கையில் இருக்கும் பழைய பாகத்தை அச்சில் வைத்து நகலெடுத்தால் போதும் என்று நினைத்தால், அது பொருந்தாது.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில், சிலிண்டர் ஹெட்டின் முன்புறம் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் வால்வு) மேல் உட்காரும் அலுமினிய மூடியை எடுத்துக்கொள்வோம். மூன்று ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும் மரைத் தண்டு), வளைந்த வாய், அதில் ரேடியேட்டர் ஹோஸ். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் இது பெரும்பாலும் அரித்துத்தான் இருக்கும். இரும்பு ஹெட், அலுமினிய மூடி, நடுவில் உப்புத் தண்ணீர்: மூன்றும் சேர்ந்தால் ஒரு மின்கலம். அதில் கரைவது அலுமினியம். போதாததற்கு, ஸ்டட்டின் துரு வீங்கி மூடியின் துளைக்குள் இறுகிக்கொள்ளும். கழற்றத் தட்டும்போதே மூடி உடைந்துவிடும்.

உடைந்த மூடியை மணலில் பதித்து வார்த்தால் மூன்று பிழைகள் ஒன்றாக வந்து சேரும். அரித்த குழிகள் புதியதிலும் பதியும். ஹெட்டோடு ஒட்டும் தட்டையான முகத்தைக் கடைய உலோகம் மிச்சம் இருக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: வார்ப்பு சிறுத்துப் போகும்.

உருகிய உலோகம் இரண்டு முறை சுருங்குகிறது. திரவம் திடமாகும்போது அலுமினியக் கலவை கன அளவில் 4 முதல் 6 சதவீதம் வரை குறையும். அந்தக் குறையை ரைசரில் (அச்சின் மேல் கூடுதல் உலோகம் நிற்க விட்ட குழியில்) நிற்கும் திரவம் இறங்கி நிரப்ப வேண்டும். திடமான பிறகு ஆறும்போது வரும் சுருக்கத்தை எந்த ரைசராலும் ஈடுசெய்ய முடியாது. சிலிக்கான் கலந்த அலுமினியம் 575 டிகிரி அருகே உறைகிறது. அங்கிருந்து நம் ஊர் வெப்பநிலைக்கு வர சுமார் 545 டிகிரி இறங்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.022 மி.மீ. அளவில் குறைந்தால், மொத்தம் மீட்டருக்கு 12 மி.மீ. பட்டறையில் 13 என்று வைத்துக்கொள்வார்கள். வார்ப்பிரும்புக்கு 10, பித்தளைக்கு 15. ஆக, 100 மி.மீ. நீளமுள்ள அலுமினிய வார்ப்புக்கு மாதிரி (மணலில் பதிக்கும் உரு) 101.3 மி.மீ. இருக்க வேண்டும்.

அளவை எடுக்க வேண்டியது பழைய மூடியிலிருந்து அல்ல, அது உட்காரும் இடத்திலிருந்து. ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, மூன்று ஸ்டட்டின் மேலும் கனமான அட்டையை அழுத்தினால் துளைகளின் இடம் அப்படியே கிடைக்கும். வாயின் வெளிவிட்டத்துக்குப் புது ஹோஸின் உள்விட்டம்தான் ஆதாரம். பழைய மூடி வளைவையும் கோணத்தையும் மட்டும் சொல்லட்டும்.

மாதிரியை நன்கு காய்ந்த தேக்கில் செய்யலாம். அவசரத்துக்குப் பழைய மூடியையே தடிக்க வைத்து மாதிரியாக்கலாம். குழிகளையும் துளைகளையும் கார் பட்டி வைத்து அடையுங்கள். கேஸ்கெட் முகத்தில் 3 மி.மீ. ப்ளைவுட் ஒட்டுங்கள். வாயைச் சுற்றி 1 மி.மீ. ஏற்றுங்கள். மணலிலிருந்து உருவும் திசையில் பக்கங்களுக்கு 2 டிகிரி சரிவு கொடுங்கள். சரிவு இல்லாவிட்டால் உருவும்போது மணலின் விளிம்பு உடைந்து அச்சுக்குள் விழும். ஸ்டட் துளைகளை வார்ப்பில் விடாதீர்கள். பின்னால் டிரில் போடுவதுதான் துல்லியம்.

உள்ளே தண்ணீர் போகும் வழிக்கு கோர், அதாவது அந்த வெற்றிடத்தின் வடிவில் மணலில் செய்த உருவம், வேண்டும். உலர்ந்த பொடிமணலில் எடைக்கு 4 சதவீதம் சோடியம் சிலிகேட் கலந்து, இரண்டாகப் பிரியும் மரப்பெட்டியில் இடித்து, கார்பன் டை ஆக்சைடை 10, 15 விநாடி செலுத்தினால் கல்லாக இறுகும். அதிக நேரம் செலுத்தினால் கோர் பொலபொலத்துவிடும். கோரின் நடுவே கம்பி விட்டு எடுத்து, காற்று வெளியேற வழி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காற்று உலோகத்துக்குள் குமிழாகப் போகும். கோரின் இரண்டு முனையும் அச்சில் நன்றாகப் பதிந்து உட்கார வேண்டும். அது 2 மி.மீ. நகர்ந்தாலே, 5 மி.மீ. சுவர் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 7 என்று ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

உலோகத்துக்குச் சிலிக்கான் கலந்த அலுமினியமான எல்எம்6 அல்லது எல்எம்25 கட்டியாக வாங்குவது நல்லது. பழைய பிஸ்டன் அடுத்த தேர்வு. ரிங்கையும் பின்னையும் கழற்றிவிட்டே உருக்க வேண்டும், இரும்பு கலந்தால் வார்ப்பு நொறுங்கும். அலுமினியப் பாத்திரமும் மின்கம்பியும் வேண்டாம். அவற்றில் சிலிக்கான் இல்லாததால் மெல்லிய இடங்களில் ஓடி நிரம்பாது. 720 டிகிரி சூட்டில் கசடை ஒதுக்கி, தாரை அறாமல் ஊற்றுங்கள். தடித்த முகப்பகுதி கடைசியில் உறையும், அதனால் ரைசர் அங்கேதான் நிற்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்த்தால் ஊசித்துளை விழும் வாய்ப்பு கூடும். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சும், உறையும்போது வெளியே தள்ளும். வெளியேற முடியாத வாயு துளையாகத் தங்கிவிடும். கட்டி, கரண்டி, உலோகத்தை உருக்கும் மூசை எல்லாவற்றையும் முதலில் சூடேற்றி உலர்த்துங்கள். ஈரமான துண்டை உருகிய உலோகத்தில் போட்டால் வெடித்துச் சிதறும். இதில் அலட்சியமே கூடாது.

முகத்தை லேத்தில் கடைந்து, தடித்த கண்ணாடி மேல் ஒட்டிய எமரித் தாளில் தேய்த்துச் சமன்படுத்துங்கள். 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையக் கூடாது. ஸ்டட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ.; துளை 8.5 மி.மீ. இருக்கட்டும். பொருத்தும்போது ஸ்டட்டில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை உடைக்க வேண்டியிருக்காது. நட்டு மாற்றுபவர்கள் கவனிக்க: இது அங்குல மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. 8 மி.மீ. நட்டு ஒரு சுற்று ஏறுவதுபோல் காட்டி மரையைத் தின்றுவிடும். இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீரில் அமுக்கி, 1 கிலோ காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு குமிழ் வந்தால் சூடான சோடியம் சிலிகேட் கரைசலில் ஊறவைத்து அடைக்கலாம். தாரையாக வந்தால் மறுபடி மூசைக்குத்தான்.

பானட் எழுத்துகள், முத்திரைகளுக்கு வழி வேறு. மூலம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதைப் பித்தளையில் மெழுகு அச்சு முறையில் வார்த்துக் குரோம் பூசினால் மூலத்தைவிட நீடிக்கும். அம்பாசமுத்திரம் அருகே வாகைக்குளத்தில் குத்துவிளக்கு வார்க்கும் கைகளுக்கு அச்சு வேலை புதிதல்ல. மெழுகும் சுருங்கும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். மெழுகு, பித்தளை இரண்டின் சுருக்கமும் சேர்ந்து 2.5 சதவீதம் வரை போகும்.

ஆனால் விளக்குப் பித்தளையில் புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) கடையக் கூடாது. சுமை தாங்கித் தேயும் இடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் உள்ள பாஸ்பர் பிரான்ஸ் தேவை. புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் உள்விட்டம் குறுகும். ஆகவே 0.1 மி.மீ. குறைவாகக் கடைந்து, ஏற்றிய பிறகே துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போட வேண்டும். கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று ஏற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமூட்டான டிரன்னியன் பிரான்ஸ்தான். அதற்குள் மரை போட்ட அந்த ஸ்டீல் தண்டு திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் அல்ல, இபி90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் தண்ணீர் தங்கினால் தண்டு துருவேறி, என்றாவது ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறியும். இந்தத் தண்டையும், ஸ்டீயரிங் கை, பிரேக் பாகங்களையும் சொந்தமாக வார்க்கவோ கடையவோ வேண்டாம். அவை அடித்து உருவாக்கி, பதப்படுத்தி, விரிசல் சோதனை செய்யப்பட வேண்டியவை.

ரப்பரில் கவனிக்க வேண்டியது இரசாயனம். கதவு பீடிங்குக்கு வெயில் தாங்கும் இபிடிஎம், என்ஜின் ஆயில் படும் இடத்துக்கு நைட்ரைல், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைட்டான். இயற்கை ரப்பர் என்ஜினைத் தாங்கும் மவுண்டுக்கு ஏற்றது. ஆயில் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும்.

செய்த மாதிரியின் அடியில் உலோகம், சுருக்க அளவு, கடைசலுக்கு விட்ட மிச்சம் மூன்றையும் எழுதி அரக்கு பூசி வையுங்கள். அலுமினியத்துக்குச் செய்த மாதிரியில் இன்னொருவர் பித்தளையை ஊற்றினால், 100 மி.மீ. பாகம் 0.2 மி.மீ. குறைவாகத்தான் வெளியே வரும்.