சுடுமல்லி

மானாவாரிச் சோளக்காட்டில் மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடி, இலை கருகினாற்போல் நின்றால் தூரடியைக் குனிந்து பார்க்க வேண்டும். சாண் உயரத்தில், வெள்ளைப் பூவோடு, மெலிந்த செடி ஒன்று நிற்கும். அதுதான் சுடுமல்லி. இலை பச்சையாக இருப்பதால் சாதாரணக் களை என்றே தோன்றும். ஆனால் அதன் வேர் சோளத்தின் வேருக்குள் புகுந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். தானும் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்வதால் தாவரவியலில் இது பாதி ஒட்டுண்ணி. கம்பு, மக்காச்சோளம், கரும்பையும் விடாது.

பேரினப் பெயர் ஸ்ட்ரைகா; 1790இல் தாவரவியலாளர் லூரேரோ வைத்தது. லத்தீனில் அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்று பொருள். ‘விட்ச்வீட்’ என்ற ஆங்கிலப் பெயரும் சூனியத்தையே பிடித்துக்கொண்டது. இந்தியில் அகியா, அதாவது நெருப்பு. தமிழிலும் சூடுதான். பயிர் கருகுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் கையில் இருக்க, ‘சூனியக்களை’ என்று புதிதாக மொழிபெயர்ப்பது வீண்வேலை.

தூசி போன்ற இதன் விதை ஒரு செடியில் பல்லாயிரம் இருக்கும். மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உறங்கும். பக்கத்தில் வேர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் முளைக்கும். அதைத் தெரிவிப்பது வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள். இந்தப் பெயரே ஸ்ட்ரைகாவிலிருந்து வந்தது. இவ்வகையின் முதல் பொருளை 1966இல் பிரித்தெடுத்ததோ பருத்தி வேர்க்கசிவிலிருந்து! மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில், அதைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சையைத் துணைக்கு அழைக்கப் பயிர் இதை அதிகமாகக் கசியவிடுகிறது. அந்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது. சத்தில்லாத நிலத்தில் இது பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பருத்தி, தட்டைப்பயறு போன்றவை விதையை முளைக்க வைக்கும். ஆனால் ஒட்ட இடம் தராது. முளை சில நாளில் பட்டினியில் சாகும். இவற்றைப் ‘பொறிப்பயிர்’ என்று எழுதுகிறார்கள். பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் பயிருக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம். விதை எங்கும் நகர்ந்து வருவதில்லையே. ‘ஏமாற்றுப் பயிர்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கென்யாவில் மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை விதைத்து இதே பேரினக் களையை அடக்குகிறார்கள். மாட்டுக்குத் தீவனமும் ஆகிறது. ஸ்ட்ரைகாவை எதிர்க்கும் சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

செடி வெளியே தலைகாட்டும் முன்பே பெரும்பாலான சேதம் முடிந்துவிடும். அதனால் கைக்களை எடுப்பது அந்தப் போகத்தைப் பெரிதாகக் காப்பாற்றாது. அடுத்த ஆண்டுக்கான விதையைத் தடுக்கும். அதுவும் பூப்பதற்கு முன் பிடுங்கினால்தான். பூத்ததைப் பிடுங்கி வரப்பில் போட்டால் அங்கேயே விதை முற்றக்கூடும், எரித்துவிட வேண்டும்.