சுவரைத் தொடவே இல்லை சார், பெட்தான் போட்டேன்

ஊட்டிக்கு மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து (2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று) இங்கே வீட்டு வாடகைக் கணக்கே மாறிவிட்டது. குடும்பத்துக்கு விட்டால் வருகிற வாடகையைவிட, ஹாலைப் பிளைவுட்டால் தடுத்து ஹாஸ்டல் மாதிரி ஒரு பெட்டுக்கு இவ்வளவு என்று விட்டால் நிறைய வருகிறது, யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பிளான் போட்டுத் தரும் என்னைப் போன்ற இன்ஜினியர்களிடம் ஆட்கள் வருவது பெட் போடுவதற்கு முன்னால் இல்லை, நோட்டீஸ் வந்த பிறகுதான். வந்ததும் முதல் வார்த்தை, "சார், ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை."

வைக்காவிட்டாலும் அனுமதி வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 கட்டுவதை மட்டும் பார்ப்பதில்லை, இருக்கிற கட்டடத்தின் உபயோகத்தைக் குறிப்பிடும்படி மாற்றினாலும் 49-ஆம் பிரிவில் அனுமதி கேட்கச் சொல்கிறது. கேட்காமல் செய்தால் 56-ல் நோட்டீஸ், 57-ல் பூட்டி சீல். மலையில் இதற்கு மேலே இன்னும் உண்டு. 1990-லிருந்து ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, 1993-ல் மலை நகரங்களுக்கென்றே தனிக் கட்டட விதிகள் வந்தன. "எங்கள் ஏரியா குடியிருப்புப் பகுதிதானே, ஹாஸ்டலும் குடியிருப்புதானே" என்பார்கள். பகுதி வேறு, உங்கள் வீட்டுக்குக் கொடுத்த அனுமதி வேறு. அனுமதி உத்தரவில் 'குடியிருப்பு, ஒரு குடும்பம்' என்று இருந்தால் அதுதான் கணக்கு.

அதிகாரிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று கேட்பவர்களை நான் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவேன். குன்னூர்ப் பக்கம் ஒரு சரிவு வீடு, முன்னால் பார்த்தால் பளிச்சென்று பெயின்ட், ஜெரேனியம் தொட்டி. பின்னால் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் குழாய்களில் மழையே இல்லாத மாசியில் பழுப்பாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது, வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. 5 பேருக்கான செப்டிக் டேங்க் என்றால் இந்தியத் தர அளவுப்படி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம் போதும். 20 பேருக்கு 2.3 மீட்டருக்கு 1.1 மீட்டர், ஆழமும் கூடும், கொள்ளளவு ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வீட்டில் இருந்தது முதல் வகை, தங்கியிருந்தவர்களோ இரண்டாவது வகைக்குப் பக்கத்தில். மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? உறிஞ்சுகுழி வழியாகச் சரிவு மண்ணுக்குள் இறங்கி, கீழ் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே நிற்கும் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தது கொட்டித் தீர்த்த மழையால்தான், ஆனால் மழைக்கு முன்பே ஊறிக் கிடக்கும் சரிவு என்ன தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளேயும் ஒன்று. பிளைவுட் தடுத்த நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிருக்கு யாராவது கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் வரியால் வருகிறது. ஹாஸ்டல் அறையும் குடியிருப்புதான், ஜி.எஸ்.டி. வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. அப்புறம் அதே ஆண்டு ஜூலையில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று மத்திய அரசே விலக்கு கொடுத்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பிளான் ஆபீசில் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரி கேட்பவர் வேறு, சரிவைப் பார்ப்பவர் வேறு, சார். பெண்கள் ஹாஸ்டல் என்றால் 2014 சட்டப்படி தனி லைசென்ஸும் வேண்டும்.

சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் தங்கினால் குடும்ப வீடு வேறாகிறது என்று 1971 சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் உறவில்லாத 3 முதல் 6 பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தால் அதற்கே ஒரு தனி வகை, குடும்ப வீட்டை அப்படி மாற்ற அனுமதி வேண்டுமா என்பதை ஊருக்கு ஊர் உள்ளாட்சி முடிவு செய்துகொள்ளலாம். அப்படி ஒரு எண் இங்கேயும் இருந்தால், இரண்டு நர்ஸ்களுக்கு மாடியறை விட்டிருக்கும் விதவை அம்மாவும் பத்து அறை தடுத்த ஆளும் ஒரே பயத்தில் இருக்க வேண்டியதில்லை.

வீடு வாங்கி பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) ஆக்கலாம் என்று புரோக்கர் சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி உத்தரவையும் அதோடு வரும் பிளானையும் கேளுங்கள். பிளானில் இருக்கும் அறைகளை நேரில் எண்ணுங்கள். சொத்து வரி ரசீதும் கரண்ட் பில்லும் அனுமதி ஆகாது. "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்பதும் ஆகாது, கொடைக்கானலில் 2019-ல் நீதிமன்ற உத்தரவின்பேரில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் விழுந்தபோது அங்கேயும் எல்லாரும்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், தடுப்புகளை எடுத்துவிட்டு போட்டோவோடு சொல்லுங்கள். அரசிடம் முறையிட அதே 1971 சட்டத்தில் 80-ஏ பிரிவு இருக்கிறது. உள்ளே இருக்கும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பரீட்சை நேரத்தில் புத்தகத்தோடு அறை பூட்டிக்கொண்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.