பன்னாட்டு மக்களா, பல்லின மக்களா?

ரஷ்ய அரசியல் சட்டத்தின் முகப்புரையைத் தமிழில் மேற்கோள் காட்டுகிறவர்கள், ‘ரஷ்யக் கூட்டமைப்பின் பன்னாட்டு மக்களாகிய நாம்’ என்று எழுதுகிறார்கள். ஒருவர் எழுதினால் கைப்பிழை என்று விட்டுவிடலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இப்போது அதுவே வழக்காகிவிடும் போலிருக்கிறது. பன்னாட்டு நிறுவனம் தெரியும், பன்னாட்டு விமான நிலையம் தெரியும். பன்னாட்டு மக்கள் என்றால் யார்? அந்த விமான நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களா?

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள மூலச்சொல் ‘ம்னகநத்சியனால்னி’. முன்னால் இருப்பது ‘பல’. பின்னால் இருப்பது ‘நத்சியனால்னஸ்த்’ என்ற சொல்லின் உறவு. பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேர்தான் அதற்கும் மூலம். ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல் பெரும்பாலும் குடியுரிமைப் பக்கம் நகர்ந்துவிட்டது. ரஷ்ய மொழியில் பிறந்த இனத்தின் பக்கமே நின்றுகொண்டது. குடியுரிமைக்கு அங்கே ‘கிரஷ்தான்ஸ்த்வோ’ என்று வேறு சொல் உண்டு. சொற்பிறப்பு இவ்வளவுதான். நம்மவர்கள் மூலத்தை விட்டுவிட்டு ‘மல்டிநேஷனல்’ என்ற ஆங்கில வடிவத்தைப் பார்த்துத் தமிழாக்குவதுதான் கோளாறு.

சோவியத் காலத்தில் இந்தச் சொல் ஒருவரின் தலையெழுத்தாகவே இருந்தது. 1932-இல் வந்த உள்நாட்டு பாஸ்போர்ட்டில் (நாட்டுக்குள்ளேயே காட்டும் அடையாள ஆவணம்) நத்சியனால்னஸ்துக்குத் தனி இடம் இருந்தது. ‘ஐந்தாவது வரி’ என்று பேச்சுவழக்கில் அதைச் சொல்வார்கள். எல்லோரும் சோவியத் குடிமக்கள், ஆனால் அந்த இடத்தில் ஒருவருக்கு ரஷ்யர், இன்னொருவருக்கு தாத்தார், வேறொருவருக்கு யூதர். ஆம், யூதர் என்பது அந்தத் தாளில் மதமல்ல, இனம். கடவுளே இல்லை என்று சொன்ன கட்சிக்காரரும் அங்கே யூதர்தான். தாயும் தந்தையும் வெவ்வேறு இனமென்றால், 16 வயதில் பாஸ்போர்ட் வாங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1943 டிசம்பரில் கல்மிக்குகளையும், 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்களையும் ஸ்டாலின் அரசு ஊரோடு பெயர்த்து அனுப்பியது அவர்களுடைய நத்சியனால்னஸ்தைப் பார்த்துத்தான். அவர்கள் வேறு ‘நாட்டு’ மக்கள் அல்ல. 1997-இல் வந்த புதிய பாஸ்போர்ட்டில் அந்த வரியை எடுத்தபோது, ரஷ்யாவுக்குள் தாத்தார்களின் குடியரசான தாத்தர்ஸ்தான் எதிர்த்துக் குரல் கொடுத்தது. எங்கள் அடையாளம் எங்கே என்று கேட்டார்கள். இதையெல்லாம் ‘பன்னாட்டு’ என்ற சொல் எப்படித் தாங்கும்?

சரி, வேறு சொல்? மாஸ்கோவில் உட்கார்ந்து லெனினைத் தமிழாக்கிய அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் ‘தேசிய இனம்’ என்று எழுதினார்கள். அவர்களுடைய வாக்கியங்கள் கல் கடிப்பது போல இருக்கும், ஆனால் சொல்லில் கோட்டை விடவில்லை. இன்றைய கட்டுரையாளர்கள் அதிலிருந்து ‘இன’த்தை உதிர்த்துவிட்டு ‘தேசியம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள்; அது வேறொரு பொருள். ‘தேசிய இனம்’ என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம் அரசியல் மேடைகளில் அதன் பின்னாலேயே சுயநிர்ணய உரிமையும் வந்து நிற்கும். முகப்புரையில் அந்தப் பாரம் வேண்டாம். இலங்கையிலும் மலேசியாவிலும் நெடுநாளாகப் புழங்கும் ‘பல்லின’ போதும்: பல்லின மக்களாகிய நாம். இனம் என்றால் நிறவெறிக்காரர்கள் சொல்லும் இனமாகிவிடாதா என்று கேட்பார்கள். தமிழினம் என்று சொல்லும்போது தோல் நிறத்தையா நினைக்கிறோம்?

2020-இல் 68-ஆம் பிரிவில் செய்த திருத்தத்தைப் பாருங்கள். ரஷ்ய மொழி, ‘அரசை உருவாக்கிய மக்களின்’ மொழி என்றும், அந்த மக்கள் சம உரிமையுள்ள மக்களின் பல்லின ஒன்றியத்தில் ஒரு பகுதி என்றும் அது சொல்கிறது. ‘பன்னாட்டு ஒன்றியம்’ என்று போட்டால் ஐ.நா. சபை என்றுதான் தோன்றும்.

இதே குடும்பத்துக் குழப்பம் ‘ரஷ்யர்’. ரஷ்ய மொழியில் இனத்தால் ரஷ்யர் ‘ரூஸ்கி’. அந்நாட்டுக் குடிமகன் எவரும் ‘ரசியானின்’. தம் மக்களை விளிக்க அதிபர் யெல்ட்சின் பயன்படுத்தியது இரண்டாவதைத்தான். ரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசைச் சேர்ந்த, அவார் இனத்துக் கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) வீரர் கபீப் நுர்மகமெதவ் ரசியானின், ஆனால் ரூஸ்கி அல்ல. தமிழில் இருவரும் ரஷ்யர். ‘ரஷ்ய இனத்தவர்’, ‘ரஷ்ய நாட்டவர்’ என்று பிரித்து எழுத என்ன செலவு? 2021 கணக்கெடுப்பில் முதல் வகையினர் சுமார் 10.5 கோடி, தாத்தார்கள் சுமார் 47 லட்சம். நம் தூய தமிழ் நண்பர்களோ ரஷ்யாவா உருசியாவா என்பதிலேயே மும்முரமாக இருக்கிறார்கள். எழுத்தைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே தப்பான பொருளை வைத்தால் என்ன பயன்?

மதத்தைப் பற்றி எழுதும்போது இது இன்னும் மோசமாகிறது. ‘ரஷ்யாவில் குடியேறிய முஸ்லிம்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டுதான். ஆனால் வோல்கா கரையில் பல்கார் என்ற இனத்தார் இஸ்லாத்தை ஏற்றது 922-இல். அங்கே கிறித்துவத்துக்கு அடித்தளமிட்ட கீவ் இளவரசர் விளதீமிர் ஞானஸ்நானம் பெற்றது 988-இல். யார் எங்கே குடியேறினார்கள்? கல்மிக்கியா, புரியாத்தியா, துவாவின் பௌத்தர்களும் அந்நாட்டின் சொந்த மக்களே. ‘ரஷ்ய முஸ்லிம்கள்’ என்றால் மதம் மாறிய ரஷ்ய இனத்தவர் என்றும் படிக்கலாம். ‘ரஷ்யாவின் முஸ்லிம்கள்’ என்று ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்து எழுதுங்கள்.