பிள்ளையின் தாளில் நம் தூரிகை வேண்டாம்

சின்ன வகுப்புகளில் ஓவியம் சொல்லித்தரும் எல்லோரும் இதைப் பார்த்திருப்போம். தாளின் மேல் ஓரத்தில் நீலப் பட்டை, கீழ் ஓரத்தில் பச்சைப் பட்டை, நடுவில் வெறும் வெள்ளை. "வானம் தரை வரைக்கும் வரணும்ல?" என்று தூரிகையை வாங்கி நாமே நிரப்பிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். அப்படி நான் நிரப்பிக் கொடுத்த படத்தை ஒரு சிறுமி மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இன்றும் உறுத்துகிறது.

அந்தப் பட்டை தப்பே இல்லை. வானம் தலைக்கு மேலே, தரை காலுக்குக் கீழே, நடுவில் நாம். பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறது. ஏறத்தாழ 7 முதல் 9 வயதில் வரும் வளர்ச்சிக் கட்டம் இது என்று கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947-லேயே விளக்கினார். சுவர் வழியே வீட்டுக்குள் இருப்பவர்கள் தெரிவதும், வீட்டைவிட அம்மா பெரிதாக இருப்பதும் அந்த வயதுக்கே உரியவை. திருத்தாதீர்கள், தயவுசெய்து.

நமக்கான வேலை தாளுக்கு வெளியே நிறைய இருக்கிறது. நோட்டுத் தாள் ஈரம் பட்டதும் சுருண்டு கிழியும். பிள்ளை தன்னால்தான் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொள்ளும். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள தாள் தாங்கும். தூரிகை தடிமனாக இருக்கட்டும். வண்ணத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் போதும். கறுப்பை முதல் சில வகுப்புகளில் நான் வெளியே எடுப்பதே இல்லை.

பச்சை வேண்டுமா? மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால், டப்பா காலியாகும்வரை அது நீலமாகவே நிற்கும். பச்சை எட்டிப் பார்க்கும் நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். அதற்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறேன். எல்லாம் சேற்று நிறமாகிறது என்றால் பெரும்பாலும் கழுவாத தூரிகைதான் காரணம். கழுவு, துணியில் ஒற்று, அப்புறம் அடுத்த வண்ணம். இதை வெறும் தண்ணீரிலேயே ஒரு நாள் பழக்கிவிடலாம்.

படம் முடிந்ததும் "என்ன இது?" என்று கேட்டால் பிள்ளை சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். தாள் முழுக்கப் பழுப்பாக அப்பியிருந்த ஒரு பையனிடம் அப்படித்தான் கேட்டேன்.

"கீழே வீடு இருக்கு மிஸ். நிறைய மழை பெஞ்சிடுச்சு, அதான் தெரியல" என்றான்.