எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்காதீர்கள்

இலங்கையில் ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகப் பாடசாலைகளிலும் பதாகை கட்டி, கூடுதலாகப் புத்தகம் வாசித்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். இந்த முறை தரம் ஏழுப் பிள்ளை ஒருத்தி தடித்த கொப்பியை நீட்டினாள். பக்கம் பக்கமாகக் கதைச் சுருக்கம். “இதில் யாரை உனக்குப் பிடித்தது?” என்று கேட்டேன். பதில் இல்லை. எல்லாம் பின்னட்டையைப் பார்த்து எழுதியது. இப்படி எத்தனை கொப்பிகளைப் பார்த்துவிட்டேன்! பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கணக்குக் கேட்டோம், அவள் கணக்குக் கொடுத்தாள்.

வாசிப்புச் சவால் என்றாலே போட்டி, போட்டி என்றாலே பரிசு என்று நினைக்கிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை. பரிசு வைத்தால் ஏற்கெனவே வாசிக்கிற நாலு பேர் ஓடுவார்கள். மற்றவர்கள் முதல் வாரத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் இன்னொரு பிள்ளை புத்தகத்தையே முடித்துவிடும். இருவரையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணினால், யாருக்கு வாசிப்புத் தேவையோ அவரைத்தான் வெளியே தள்ளுகிறோம். வாசிக்காமல் செய்ய முடியாததாக, மெதுவாக வாசிப்பவரும் வெல்லக்கூடியதாக ஒரு சவாலை யோசியுங்கள்.

நான் கதையைச் சத்தமாக வாசிக்கும்போது வேண்டுமென்றே சில சொற்களை மாற்றிவிடுவேன். பிரதி பிள்ளைகள் கையில் இருக்கும். பிழையைக் கண்டால் கை தூக்க வேண்டும். டீச்சரின் பிழையைப் பிடிக்கும் ஆசையில் கடைசி வாங்குப் பையனும் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு வருவான். இன்னொன்று கேள்விச் சீட்டு. வாசித்தவர் ஒரு கேள்வி எழுதிப் புத்தகத்துக்குள் வைப்பார். அடுத்து எடுப்பவர் பதில் எழுதித் தன் கேள்வியையும் வைப்பார். பின்னட்டை இதற்கு உதவாது. சில நாள் விறுவிறுப்பான இடத்தில் மணியடித்ததும் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். இடைவேளையில் அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம்தான்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1945 இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். 1980 முதல் பாடநூல் இலவசம், கதைப்புத்தகம் அப்படியில்லை. பாடநூலைத் தவிர வேறு புத்தகமே இல்லாத லயக் காம்பராக்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைகள், நிறைய. அப்படியிருக்க, பாடசாலையில் இருப்பதையும் கிழிந்துவிடும் என்று அலுமாரியில் பூட்டலாமா? திறந்து வையுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

தடுமாறுகிற பிள்ளையை எழுப்பி எல்லார் முன்னாலும் வாசிக்க வைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்து கேளுங்கள். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்த்தால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். “புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், அப்புறம் கதை படிக்கலாம்” என்று புத்தகத்தைப் பறிக்காதீர்கள். அந்த வினாத்தாளையும் வாசித்து விளங்கினால்தானே விடை எழுத முடியும்? மலையில் தோட்ட வேலை முடித்து வந்ததும் அடுப்படிக்குப் போகிற அம்மாவுக்கு உட்கார நேரமில்லை, தெரியும். சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, “அப்புறம் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். நடுவில் நிறுத்திப் பிழை மட்டும் பிடிக்க வேண்டாம். அதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.